ஆரி வகுப்பை இணையத்தில் தொடங்குவது: பொதுத்தளமா, சொந்தச் செயலியா, நேரலை வகுப்பா?

மதுரை திருநகரில் ஆரி வேலைப்பாடும் (கொக்கி முனை ஊசியால் துணியில் போடும் பூவேலை) பிளவுஸ் தையலும் செய்து கொடுக்கும் சிறிய கடை எங்களுடையது. நேரில் வந்து கற்றுக்கொண்டு போன பெண்கள், உசிலம்பட்டியிலும் மேலூரிலும் இருக்கும் தங்கள் உறவுக்காரர்களுக்கும் கற்றுத் தர முடியுமா என்று கேட்கத் தொடங்கியதிலிருந்துதான் கட்டண இணைய வகுப்பு என்ற எண்ணமே எனக்கு வந்தது. என் முன் மூன்று வழிகள் இருந்தன. பாடங்களைப் பதிவு செய்து பலரும் பாடம் விற்கும் உடெமி போன்ற பொதுத்தளத்தில் விற்பது ஒன்று. மாத அல்லது ஆண்டுக் கட்டணம் கட்டி நம் கடையின் பெயரிலேயே செயலி வைத்துக்கொண்டு விற்பது மற்றொன்று. ஜூமும் வாட்ஸ்அப்பும் மட்டும் வைத்துக்கொண்டு பேட்ச் பேட்ச்சாக நேரலையில் நடத்துவது மூன்றாவது. மூன்றையும் கையாண்டு பார்த்துவிட்டு, ஐந்து பேட்ச்கள் நடத்திய பிறகு, நான் நேரலையின் பக்கம் நிற்கிறேன். கைத்தொழில் கற்றுத்தரும் சிறிய கடைக்காரர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பொதுத்தளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாடம் ஏற்றுவதற்கு உடெமியில் கட்டணம் இல்லை; மொத்தம் 30 நிமிடக் காணொளியும் ஐந்து பாடப்பகுதிகளும் இருந்தால் போதும்; பணம் வசூலிப்பதையும் காணொளியைச் சேமித்து வைப்பதையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். நாம் அனுப்பும் இணைப்பின் வழியாக வந்து வாங்குபவரிடமிருந்து, வரியும் கழிவுகளும் போக, 97 விழுக்காடு நமக்கு வரும். தளத்திலேயே தேடி வந்து வாங்கினால் 37 விழுக்காடுதான். தள்ளுபடி விலையில் 500 ரூபாய்க்கு ஒரு பாடம் விற்றதாக வைத்துக்கொண்டால், 37 விழுக்காட்டுக் கணக்கில் கைக்கு வருவது 185 ரூபாய். 50,000 ரூபாய் சேர ஏறத்தாழ 270 பேர் வாங்கியிருக்க வேண்டும். இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. வாங்கியவரின் தொலைபேசி எண்ணோ மின்னஞ்சல் முகவரியோ ஆசிரியருக்குக் கிடைப்பதில்லை. நாளைக்கு நூலும் மணியும் வாங்க வரக்கூடியவர் யாரென்றே தெரியாமல் போவது, கடை வைத்திருப்பவருக்குப் பெரிய இழப்பு. ஆனாலும் நான் அங்கே வைத்திருந்தது ஒரே ஒரு சிறிய பாடம், அதுவும் எட்டு மாதங்கள் மட்டுமே என்பதால், என் சொல்லை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சொந்தச் செயலியின் கவர்ச்சி அதிகம். கடையின் பெயரும் படமும் போட்ட செயலியை மாணவர் தம் அலைபேசியில் இறக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போது நாமும் ஒரு நிறுவனம் ஆகிவிட்டோம் என்ற நிறைவு வருகிறது. மாணவர் பட்டியல் நம்மிடம் இருக்கும். விலையை நாமே வைக்கலாம். பணம் நேராக நம் கணக்குக்கு வரும். ரேசர்பே போன்ற கட்டண வாயிலுக்கு 2 விழுக்காடும் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் போகும்; 2,500 ரூபாய்க்கு 59 ரூபாய் என்பது தாங்கக்கூடிய செலவுதான். நான் அடிபட்டது விளம்பரத்தில் எழுதிய ஒரு வரியால். ‘ஒருமுறை கட்டினால் வாழ்நாள் முழுவதும் பார்க்கலாம்’ என்று எல்லோரும் போடுவதைப் போலவே நானும் போட்டிருந்தேன். ஓராண்டு முடிந்து செயலியைப் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் கட்டணம் கணிசமாக உயர்ந்திருந்தது. கட்டாவிட்டால் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் பாடம் திறக்காது என்றார்கள் செயலி கொடுத்த நிறுவனத்தார். வாழ்நாள் என்று வாக்குக் கொடுத்தவள் நான். அந்த வாக்கைக் காப்பாற்றும் சாவி வேறொருவர் கையில் இருந்தது. புதிய மாணவர் ஒருவர்கூடச் சேராத மாதத்திலும் பழைய மாணவர்களுக்காக நான் வாடகை கட்டியாக வேண்டும் என்ற நிலை அது. இந்த வழியில் போகிறவர்கள், பாடம் எத்தனை மாதம் திறந்திருக்கும் என்பதைச் செயலிக்குக் கட்டிய காலத்துக்குள்ளேயே வைத்து எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

இவை எல்லாம் பணக் கணக்கு. பணக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் நான் செயலியிலேயே இருந்திருப்பேன், ஏனென்றால் ஒருமுறை பதிவு செய்த பாடத்தை நூறு பேருக்கு விற்கலாம். என் முடிவை மாற்றியது திருத்தம். விற்ற பிறகு மாணவரின் கையை யார் திருத்துவது, அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் நான் பாடங்களைப் பதிவு செய்துவிட்டேன்.

ஆரி வேலையில் வலது கை ஊசியைப் பிடித்துத் துணிக்கு மேலே இருக்கும். நூலைப் பிடித்திருக்கும் இடது கை, துணியை இழுத்துக் கட்டிய ஃபிரேமுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். கொக்கி முனையுள்ள ஊசியைத் துணியில் இறக்கி, அடியில் நூலைக் கொக்கியில் சுற்றி, ஊசியை அரைவட்டம் திருப்பிய பிறகே மேலே இழுக்க வேண்டும். திருப்பாமல் இழுத்தால் கொக்கி துணியைப் பற்றிக்கொள்ளும். காணொளியில் நான் காட்டியது பெரும்பாலும் மேல் கையைத்தான். அடிக்கையின் வேலையை வாயால் விளக்கியிருந்தேன். அது போதும் என்றும் நம்பினேன்.

பதிவுப் பாடம் வாங்கிய மேலூர்ப் பெண் ஒருவர் மூன்றாம் வாரத்தில் அழைத்தார். “அக்கா, வீடியோவுல நீங்க சொன்ன மாதிரியேதான் செய்றேன், ஊசி துணியைப் பிடிச்சு இழுக்குதுக்கா. பட்டுத்துணியில ஓட்டை விழுந்துருச்சு” என்றார். நான் அரை மணி நேரம் பேசிப் பார்த்தேன்; ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், “ஃபோனைத் தரையில வச்சு, ஃபிரேமுக்கு அடியில கேமரா மேல பார்க்கிற மாதிரி வைம்மா, உன் இடது கையைப் பார்ப்போம்” என்றேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. நூலைத் துணியிலிருந்து நான்கு விரல் தள்ளித் தளர்வாகப் பிடித்திருந்தார். கொக்கியில் நூல் நிற்கவே இல்லை. நூலைத் துணியை ஒட்டினாற்போல் பிடிக்கச் சொன்னேன். ஐந்தே நிமிடத்தில் சங்கிலித் தையல் வரிசையாக விழத் தொடங்கியது. அவர் அதே பாடத்தை ஏழெட்டு முறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். பாடத்தில் பிழை இல்லை. அவருடைய கையைப் பார்க்க ஆள் இல்லாததுதான் குறை.

அதன் பிறகு பதிவுப் பாடம் வாங்கியவர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டேன். பாதியில் நிறுத்தியவர்களில் பலர் ஏறத்தாழ இதே கட்டத்தில் நின்றிருந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டவர் யாருமில்லை. ‘எனக்குக் கைவரவில்லை’ என்று தங்களையே நொந்துகொண்டு ஊசியை எடுத்து வைத்துவிட்டார்கள். என்னிடம் 2,500 ரூபாய் கட்டிய ஒரு பெண் தனக்குக் கைத்தொழில் வராது என்ற எண்ணத்தோடு போனார் என்றால், அந்த விற்பனையை என்னால் வருமானம் என்று எழுத முடியவில்லை. பாடத்தை முடிக்காதவர் இன்னொருவரை அனுப்பவும் மாட்டார் என்பது அதற்கு அடுத்த உண்மை.

இப்போது நேரலை வகுப்பில் இரண்டு அலைபேசிகள் வைத்திருக்கிறேன். ஒன்று மேலிருந்து ஃபிரேமைக் காட்டும்; மற்றொன்று தரையிலிருந்து அடிக்கையைக் காட்டும். இரண்டையும் ஒரே ஜூம் வகுப்பில் தனித்தனியாகச் சேர்த்து, இரைச்சல் எழாமல் இருக்க இரண்டாவதின் ஒலியை நிறுத்திவிட வேண்டும். மாணவர்களும் வாரம் ஒருமுறை தங்கள் அடிக்கையை அவ்வாறே காட்ட வேண்டும் என்பது சேரும்போதே சொல்லப்படும் நிபந்தனை. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது ஹெச்டி தரத்தில், துணியின் பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறேன். முன்பக்கம் அழகாக இருந்தாலும் இழுவிசை சரியா என்பதைப் பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தத் திருத்தத்துக்கு நேரக் கணக்கு போட்டுத்தான் கட்டணத்தை வைக்க வேண்டும். ஒரு பேட்ச்சில் 20 பேர், ஒவ்வொருவரும் வாரம் இரண்டு படங்கள், படத்துக்கு ஐந்து நிமிடம் என்றால் வாரத்துக்கு 200 நிமிடங்கள். ஒரு பேட்ச் நடக்கும் ஆறு வாரத்தில் 20 மணி நேரம். வாரம் மூன்று வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்பது 27 மணி நேரம். ஆக மொத்தம் 47 மணி நேர உழைப்புக்கு, 2,500 வீதம் 50,000 ரூபாய் வருகிறது. வகுப்பு நேரத்தை மட்டும் கணக்கிட்டு 1,500 என்று முதல் பேட்ச்சுக்கு விலை வைத்த நான், திருத்தத்தை இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன்.

நேரலையின் நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வகுப்பு அறுந்துவிடும். கூகுள் மீட்டில் 60 நிமிடம் வரை கிடைக்கும். ஒன்றரை மணி நேர வகுப்புக்குக் கட்டணக் கணக்கு வாங்கத்தான் வேண்டும். என் வகுப்பு மதியம் இரண்டரை மணிக்கு, சமையல் முடிந்து பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்கு முந்திய இடைவெளியில் நடக்கிறது. சிங்கப்பூரில் அப்போது ஐந்து மணி, ஷார்ஜாவில் ஒரு மணி என்பதால் வெளிநாட்டில் இருப்பவர்களும் சேர முடிகிறது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில்தான் வரும் என்பதால் அன்றைக்கு வகுப்பு வைப்பதில்லை. வர முடியாதவர்களுக்காகப் பதிவை யூடியூபில் பட்டியலிடாத காணொளியாக ஏற்றுகிறேன்; இணைப்பு கிடைத்தவர் யாரும் பார்க்கலாம் என்பதால் பேட்ச் முடிந்ததும் நீக்கிவிடுவேன். அழைக்கப்பட்டவர் மட்டும் பார்க்கும் தனிப்பட்ட காணொளியாகவும் வைக்கலாம், 50 மின்னஞ்சல் முகவரிகள் வரை; ஆனால் என் மாணவர்களில் பலருக்குத் தங்கள் மின்னஞ்சல் முகவரி நினைவிலிருப்பதில்லை.

தொடங்கும் மாதத்தை நான் ஒருமுறை தவறாகத் தேர்ந்தெடுத்தேன். சித்திரையில் வைத்த பேட்ச்சில், மீனாட்சி திருக்கல்யாணத்திலிருந்து அழகர் ஆற்றில் இறங்கும் வரை வகுப்புக்கு நான்கைந்து பேர்தான் வந்தார்கள்; அதன் பின் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. இப்போது ஆனிக் கடைசியிலும் கார்த்திகைக் கடைசியிலும் மட்டும் தொடங்குகிறேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் என் கடையில் பிளவுஸ் வேலை குறைந்து திருத்தத்துக்கு நேரம் கிடைக்கும். மாணவர்கள் முடிக்கும்போது ஆவணி, தை முகூர்த்தங்கள் வந்து அவர்களுக்கும் முதல் ஆர்டர் கிடைக்கும்.

வரியைப் பற்றி ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன். பொருள் மட்டும் விற்கும் கடைக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். வகுப்பு என்ற சேவையும் சேர்ந்துவிட்டால் வரம்பு 20 லட்சம். ஒரே பான் எண்ணில் வரும் கடை விற்பனை, வகுப்புக் கட்டணம் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். பதிவு செய்தபின் வகுப்புக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு வரி. கடையின் விற்றுமுதல் 15 லட்சத்தைத் தாண்டியவர்கள் வகுப்பை அறிவிப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிட வேண்டும்.

பதிவுப் பாடத்தை நான் முழுக்க ஒதுக்கிவிடவில்லை. ஒரு பிளவுஸுக்கு நூல், மணி, கூலி சேர்த்து விலை போடுவது எப்படி, விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் துணி எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பன போன்ற, கையைத் திருத்தத் தேவையில்லாத பாடங்களை நான் பதிவாகவே கொடுக்கிறேன். சமையல், கணக்கு எழுதுதல் போன்றவற்றைக் கற்றுத்தருபவர்களுக்குப் பதிவே பொருந்தலாம்; அந்தத் துறைகளில் எனக்கு அனுபவம் இல்லை. நேரலையில் ஓராண்டுக்கு நான் நடத்தக்கூடியது இரண்டு பேட்ச்தான். அதற்குமேல் வளர முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் முடித்தவர்கள் ஊசி, ஜர்தோசி (சுருள் உலோகச் சரிகை), மணி என்று தொடர்ந்து என்னிடமே வாங்குகிறார்கள். சென்ற பேட்ச்சின் 18 பேரில் 11 பேர் இப்போதும் மாதம் ஒரு பார்சலாவது கேட்கிறார்கள்.

அடுத்த பேட்ச் கார்த்திகைக் கடைசியில். முதலில் ஒரு மணி நேர இலவச டெமோ வகுப்பு வைத்து, 500 ரூபாய் முன்பணம் கட்டுபவர்கள் பத்துப் பேராவது சேர்ந்தால் மட்டுமே தொடங்குவேன். சேராவிட்டால் முன்பணம் அன்றே திரும்பிவிடும். 20 இடங்களை 16 ஆகக் குறைத்திருக்கிறேன், ஏனென்றால் சென்ற முறை கடைசி நான்கு பேரின் படங்களைப் பார்த்து முடிப்பதற்குள் மறுநாள் ஆகிவிட்டது.