கம்பெனி கிளம்பிய பிறகு ஒரு கார்: வாளையாறு எல்லையில் பழைய ஃபோர்டு ஃபிகோ டீசல்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 2015 முதல் 2020 மார்ச் வரை வந்த ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல், மேனுவல் கியர், பி.எஸ்.4 புகைக் கட்டுப்பாட்டுத் தரம். இந்த வண்டியைத் தாராளமாக வாங்கலாம். அதே வருடத்து ஸ்விஃப்ட் டீசலுக்குக் கேட்கும் விலையில் முக்கால் பங்கைத் தாண்டினால் மட்டும் வேண்டாம். அந்தக் கால் பங்கு வித்தியாசம் வண்டியின் குறைக்காக இல்லை. அதைச் செய்த கம்பெனி இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டதற்காக வாங்குபவர் கேட்டுப் பெறவேண்டிய ஈடு அது.

பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். வேலைக்குக் கோவை, சொந்தபந்தம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா என்று தினம் வாளையாறு தாண்டுகிறவர்களுக்கு நெடுஞ்சாலை ஓட்டம்தான் அதிகம். அந்த ஓட்டத்துக்கென்றே செய்தது போன்ற இன்ஜின் இது. 100 குதிரைத்திறன், 215 நியூட்டன் மீட்டர் இழுவை. அதே காலத்து ஸ்விஃப்டின் 1.3 டீசலில் 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர்தான். நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதி மலை ஏறும்போது நான்கு பேரும் சாமானும் இருந்தாலும் இரண்டாம் கியரில் திணறாது. சோதனைக்கூடக் கணக்கில் லிட்டருக்கு 25.83 கிலோமீட்டர். ஏ.சி. போட்டு நான்கு வழிச் சாலையில் ஓட்டினால் 20-ஐ ஒட்டி எதிர்பார்க்கலாம், டவுனுக்குள் அதைவிடக் குறையும். ஸ்டீயரிங் பிடிப்பும் வளைவில் வண்டி நிற்கும் விதமும் இந்த விலையில் வேறெதிலும் கிடையாது. டைட்டானியம் பிளஸ் மாடலில் ஆறு ஏர்பேக். 2015-ல் சின்னக் காரில் அது பெரிய விஷயம்.

பி.எஸ்.4 என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அது சூடேறாமல் கரி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவு, பழைய வண்டி வாங்கி மிச்சம் பிடித்த காசை விழுங்கிவிடும். பி.எஸ்.4-ல் அந்தத் தொல்லையே கிடையாது.

பார்க்கப் போகும்போது வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கும் ஸ்டீயரிங் விளக்கும் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைத் துண்டித்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி சரி. குபுகுபுவென்று அழுத்தத்தோடு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம், விட்டுவிடலாம். இன்ஜெக்டர்களின் அடியைச் சுற்றித் தார் போலக் கறுப்பாகப் படிந்திருந்தால் செம்பு வாஷர் கசிகிறது. ஆரம்பத்தில் பார்த்தால் சின்ன வேலை, விட்டால் இன்ஜெக்டரைக் கழற்றவே வராது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் எண்ணெய் ஈரம், மேடு ஏறும்போது விசில் சத்தம், இழுவை குறைவு மூன்றும் சேர்ந்திருந்தால் ஹோஸ் விரிந்திருக்கிறது. மெதுவாகப் போகும்போது முன்பக்கம் 'கட கட' என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது லோயர் ஆர்ம் புஷ். இரண்டும் சுலபமாகக் கிடைக்கும்.

டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். இந்த டீசலில் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட் வேலை வந்துவிடும். பல பேர் கிலோமீட்டரை மட்டும் பார்த்து 'இன்னும் இருக்கிறது' என்கிறார்கள். ரப்பருக்கு வயதும் கணக்கு. 2015, 2016 வண்டிகள் பத்து வருடத்தைத் தொட்டுவிட்டன. பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கொண்டு, பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் நான்கின் விலையையும் கூலியையும் வண்டி விலையில் கழியுங்கள். வாட்டர் பம்ப்பை அதே பெல்ட்தான் சுற்றுகிறது. அதை விட்டுவிட்டு பெல்ட்டை மட்டும் மாற்றினால், பம்ப் பேரிங் போகும் நாளில் புதிய பெல்ட்டும் போய்விடும். ஆயில் 5டபிள்யூ-30, ஃபோர்டின் 913-டி தரம் என்று டப்பாவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கேரள வண்டிகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: 2018 ஆகஸ்ட் வெள்ளம். அதில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து மாவட்டம் மாறி விற்கப்பட்டன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்று வரி அங்கே தங்கியிருக்கும், யாரும் அதைத் துவைப்பதில்லை. சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டின் அடியில் வண்டல், வயர் கனெக்டரில் பச்சைப் பூச்சு தெரிந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இந்த ஆண்டு ஓடும். மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளான மாட்யூல்கள் ஒவ்வொன்றாகப் பிறகு போகும், அந்த மாட்யூல்கள்தான் இப்போது கிடைக்காத சாமான்.

உதிரிபாகம்தான் இந்த வண்டியின் உண்மையான கேள்வி. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் செட், வீல் பேரிங், ஷாக் அப்சார்பர், பெல்ட் எல்லாம் கோவையில் தட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றன. அவற்றை ஃபோர்டு செய்யவே இல்லை, ஃபோர்டுக்குச் செய்து கொடுத்த கம்பெனிகள் தங்கள் பெயரிலேயே விற்கின்றன. அதே 1.5 டீசல் ஆஸ்பயர், ஃப்ரீஸ்டைல், ஈகோஸ்போர்ட்டிலும் ஓடுவதால் இன்ஜின் பாகங்களுக்கும் கேட்பவர் உண்டு, ஆகவே வரத்தும் உண்டு. சிக்கல் ஃபோர்டின் அச்சில் மட்டும் வார்த்த சாமான்களில்தான்: ஹெட்லைட், பம்பர், பானெட், கதவுத் தகடு, டேஷ்போர்டு பிளாஸ்டிக், ஸ்டீயரிங் தண்டு, கண்ட்ரோல் மாட்யூல். இவற்றுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உக்கடம் பழைய இரும்புக் கடை, சென்னை புதுப்பேட்டை என்று அலைய வேண்டும். பழைய மாட்யூல் வாங்கினால் அப்படியே மாட்டினால் ஓடாது. சாவி, இன்ஜின், மீட்டர் மூன்றும் ஒன்றை ஒன்று அடையாளம் காண நிரல் ஏற்ற வேண்டும். ஃபோர்டு வண்டிகளுக்கான ஃபோர்ஸ்கேன் மென்பொருளும், கணினியை வண்டியோடு இணைக்கும் சரியான ஓ.பி.டி. கேபிளும் வைத்திருக்கும் மெக்கானிக்கை வண்டி வாங்கும் முன்பே தேடி வையுங்கள்.

இன்சூரன்ஸில் ஒரு பொறி இருக்கிறது. சந்தை விலை குறைந்தால் ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு, குறையும். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று கணக்கை முடித்துவிடுவார்கள். முன்பக்கம் நடுத்தரமான ஓர் இடி, ஹெட்லைட் இரண்டு, பம்பர், பானெட், ரேடியேட்டர், ஏர்பேக். மாருதியில் ரிப்பேர் ஆகித் திரும்பும் அதே அடி இதில் வண்டியையே முடித்துவிடும். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பார்த்து ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடச் சம்மதிக்காதீர்கள்.

இந்த இடத்தில்தான், கார் கம்பெனி தள்ளாடினால் அரசு தாங்கிப் பிடிக்க வேண்டுமா என்ற கேள்வி ஃபிகோ வைத்திருப்பவரின் வாசலுக்கு வருகிறது. 2021 செப்டம்பர் 9-ல் ஃபோர்டு அறிவித்தது: பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், குஜராத்தின் சானந்தில் உள்ள கார் ஆலையும் சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையும் மூடப்படும், சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள். மறைமலைநகரில் கடைசி கார் 2022 ஜூலையில் இறங்கியது. அடுத்த பத்து ஆண்டுகளுக்கு சர்வீஸும் சாமானும் தருவோம் என்று சொன்னார்கள். அறிவிப்பு வந்த அதே மாதம் 15-ம் தேதி மத்திய அரசு வாகனத் துறைக்கு 25,938 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2022 பிப்ரவரியில் அந்தத் திட்டத்துக்குத் தேர்வானவர்களில் ஃபோர்டும் இருந்தது. சில மாதங்களில் மின்கார் யோசனையையும் கைவிட்டது. பணம் காட்டினால் கம்பெனி தங்கும் என்பவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும்.

ஃபோர்டின் தாய்க் கம்பெனி திவாலாகவில்லை, கணக்குப் போட்டுக் கிளம்பியது. அப்படிப்பட்டவர்களுக்கு வரிப்பணம் கொடுக்க எந்த நியாயமும் இல்லை. திவாலாகிறவர்கள் கதை வேறு. அமெரிக்கா 2008-09-ல் ஜெனரல் மோட்டார்ஸில் (ஜி.எம்.) 4,950 கோடி டாலர் போட்டது. 2013 டிசம்பரில் கடைசிப் பங்கையும் விற்றது, இறுதிக் கணக்கில் சுமார் 1,120 கோடி டாலர் திரும்பவில்லை. அந்த மீட்பில் அதிகம் பேசப்படாத, ஆனால் கார் வைத்திருப்பவருக்கு மிகவும் உதவிய ஒரு பகுதி உண்டு. ஜி.எம்., கிரைஸ்லர் புதிய கார்களின் வாரண்டிக்கு அரசே பொறுப்பு என்று 2009 மார்ச்சில் அறிவித்தார்கள். வாங்க வந்தவர் பயந்து ஓடாமல் இருந்தார், அரசுக்குச் செலவும் அந்தப் பெரிய தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. சுவீடன் இன்னும் தெளிவாகச் செய்தது. சாப் கம்பெனியைக் காப்பாற்ற மறுத்தது, 2011-ல் சாப் திவாலானது, ஆனால் கடனுக்கு அடமானமாக இருந்த அதன் உதிரிபாகக் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. கார் செய்யும் ஆலை போனாலும் சாமான் விற்கும் கிடங்கு நின்றது. பிரிட்டன் 1975-ல் பிரிட்டிஷ் லேலண்ட் கார் கம்பெனியையே வாங்கியது. பல முறை கைமாறி, 2005-ல் எம்.ஜி. ரோவராக லாங்பிரிட்ஜில் கதவடைத்தது.

மாருதியைச் சொல்லி மறுப்பார்கள். சரியான மறுப்புதான். செத்துப்போன மாருதி லிமிடெட்டை 1980-ல் அரசு எடுத்தது, சுசுகி 26 சதவீதத்தோடு வந்தது, 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தது. ஆனால் அங்கே அரசு பழைய காரைக் காப்பாற்றவில்லை. இடத்தையும் பெயரையும் வைத்துக்கொண்டு காரை மொத்தமாக மாற்றியது. சானந்திலும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது: குஜராத் அரசு நடுவில் நின்றது, 725.7 கோடிக்கு டாடா ஆலையை வாங்கியது, விருப்பப்பட்ட தொழிலாளர்களும் அதோடு போனார்கள். அரசுக்குத் தகுந்த வேலை இதுதான் என்பது இந்த விமர்சனத்தின் உறுதியான கருத்து. ஆலைக்கு அடுத்த முதலாளியைத் தேடிக் கொடுக்கலாம், தொழிலாளிக்கு வேலையைக் கைமாற்றலாம். மிச்சக் காசு இருந்தால் உதிரிபாகக் கிடங்குக்குப் போகட்டும்.

நம் சட்டத்தில் அந்தக் கடைசிப் பகுதிதான் காலி. 2019 மோட்டார் வாகனத் திருத்தம், பழுதான மாடலைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. விற்பனையை நிறுத்திய பின் எத்தனை வருடம் சாமான் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஃபோர்டு சொன்ன பத்து வருடம் ஒரு வாக்குறுதி மட்டுமே. கார் விற்கத் தொடங்கும்போதே ஒவ்வொரு கம்பெனியும் சாமானுக்காக ஒரு வைப்புத்தொகை கட்ட வேண்டும், அச்சு வார்ப்புகளை யாருக்கும் கொடுக்காமல் உடைக்கக் கூடாது என்று விதி வந்தால், ஜி.எம். 2017-ல் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியபோது அதன் ஷெவர்லே பீட் கார் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு அடுத்தவருக்கு வராது.

ஃபோர்டு திரும்பி வருகிறதே என்று விலையை ஏற்றிச் சொல்லும் தரகர்கள் உண்டு. 2024-ல் தமிழக அரசிடம் கடிதம் கொடுத்தது உண்மை. அது மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்குப் பயன்படுத்தும் திட்டம். ஃபிகோவுக்கு ஹெட்லைட் அதில் வராது.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. 2019 மாற்றத்துக்கு முன் வந்த 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது உலர் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி. மெதுவாக ஊரும்போது உதறல், பிறகு கண்ட்ரோல் மாட்யூல் பழுது என்று உலகெங்கும் பெயர் கெட்ட பெட்டி அது, இப்போது மாட்யூல் கிடைப்பதும் கஷ்டம். 2018-க்குப் பின் வந்த மூன்று சிலிண்டர் 1.2 பெட்ரோலில் பெல்ட் ஆயிலுக்குள் மூழ்கி ஓடுகிறது. தவறான ஆயில் ஊற்றிய வண்டியில் பெல்ட் கரைந்து பம்ப்பின் சல்லடையை அடைக்கும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

எல்லை தாண்டி வாங்கினால் காகிதத்தில் அவசரப்படாதீர்கள். கே.எல். 09 வண்டியைக் கோவை முகவரிக்குக் கொண்டுவர முதலில் பாலக்காடு ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 போட்டு என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். லோன் இருந்தால் வங்கிக் கடிதமும் படிவம் 35-ம். கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து ஏ.ஐ. கேமரா அபராதங்கள் வருவதால், பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு பாக்கி பாருங்கள். பாக்கி இருந்தால் என்.ஓ.சி. நிற்கும். பெயர் மாற்றத்துக்கு 29, 30, புதிய நம்பருக்கு 27. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நம்பர் மாற்றியே ஆக வேண்டும். தமிழ்நாட்டு வரி வண்டியின் வயதைப் பொறுத்தது, அதை முன்பே கேட்டு எழுதி, பெல்ட் செலவோடு சேர்த்து விலையில் கழித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.