ஆய்வு மென்பொருளாளர்களுக்கான பொதுவளம்: பாடமா, கையேடா, தொகுப்பா?

ஆய்வுக்கூடங்களில் மென்பொருள் எழுதுவோருக்கு நெடுங்காலம் தனிப்பெயர்கூட இருந்ததில்லை. 'ரிசர்ச் சாஃப்ட்வேர் எஞ்சினியர்' என்ற பெயரே 2012இல் பிரிட்டனில் நடந்த ஒரு பயிலரங்கில்தான் உருவானது. அவர்களுக்கான பொதுவளம் ஒன்றைப் புதிதாகத் தொடங்க நினைக்கும் குழுவின் முன் இன்று மூன்று முன்மாதிரிகள் உள்ளன: ஆய்வாளர்களுக்கு நிரலெழுதவும் தரவைக் கையாளவும் கற்பிக்கும் கார்பென்ட்ரீஸ் அமைப்பின் பாடங்கள், 'தி டூரிங் வே' என்னும் கூட்டுக் கையேடு, 'பெட்டர் சயின்டிஃபிக் சாஃப்ட்வேர்' என்னும் கட்டுரைத் தொகுப்பு. இவற்றில் எது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே வழக்கம். எழுதியது பழுதாகும்போது அது யார் கண்ணில் முதலில் படுகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது என்பது என் கருத்து.

2021 ஆகஸ்ட் 13 அன்று, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' கருவியின் கட்டளைகளுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நிறுத்தியது. அதுவரை சரியாக இருந்த எத்தனையோ வழிகாட்டிகள் ஒரே நாளில் தவறாகிப்போயின. வகுப்பில் நடத்தப்படும் பாடத்தில் இத்தகைய தவறு ஒளிந்திருக்க முடியாது. கார்பென்ட்ரீஸ் பயிலரங்குகளில் ஒவ்வொருவரிடமும் இரண்டு நிற ஒட்டுத்தாள்கள் இருக்கும். முடித்துவிட்டவர் ஒரு நிறத்தையும் உதவி வேண்டுபவர் மற்றொன்றையும் மடிக்கணினியின் மேல் ஒட்டுவார். ஒரே படியில் பத்துப் பேர் உதவி கேட்டால், பழுது பாடத்தில்தான் இருக்கிறது என்பது பயிற்றுநருக்கு அப்போதே தெரிந்துவிடும். 1998இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய, கார்பென்ட்ரீஸ் அமைப்பின் முன்னோடியான சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி இத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பதற்கு, பாடம் மீண்டும் மீண்டும் நடத்தப்படுவதும் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் இதற்கான விலையும் பெரிது: பயிற்றுநர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள், சொந்த வேலைக்கு நடுவே இதற்கும் நேரம் ஒதுக்குபவர்கள், அவர்கள் சோர்ந்தால் பாடமும் சோர்ந்துவிடும்.

'தி டூரிங் வே' இதற்கு நேர்மாறானது. பிரிட்டனின் ஆலன் டூரிங் ஆய்வு நிறுவனத்தில் தொடங்கிய இந்தக் கையேடு, ஆய்வை மறுபடி செய்துகாட்டும் முறைகளிலிருந்து திட்ட வடிவமைப்பு, கூட்டுப்பணி, ஆய்வறம் வரை விரிகிறது. இரண்டு நாள் பயிலரங்கில் இத்தனையையும் அடக்க இயலாது. எழுத்துப்பிழை திருத்தியவரும் பங்களிப்பாளர் பட்டியலில் இடம்பெறுவது, புதியவரின் தயக்கத்தைப் போக்கும் நல்ல ஏற்பாடு. குறை எங்கே என்றால், கையேட்டைப் படிப்பவர் தனியாகப் படிக்கிறார். சொன்னபடி செய்தும் கட்டளை ஓடவில்லையென்றால், தவறு தன்னுடையது என்றே அவர் முதலில் எண்ணுவார். பிறகு வேறிடத்தில் விடை தேடிப் போய்விடுவார். சுட்டிக்காட்டும் வழி திறந்தே இருந்தாலும் அந்தப் பிழை பதிவாகாமல் போகலாம். கட்டளைகளைச் சாராத இயல்களுக்கு இந்தக் குறை அவ்வளவாகப் பொருந்தாது: எந்த உரிமத்தைத் தேர்வது, ஆய்வுக்கட்டுரையில் நிரல் எழுதியவரின் பெயர் எங்கே வருவது போன்றவை மெதுவாகவே பழையதாகின்றன.

மூன்றாவது முன்மாதிரியில் சொல்வதற்குக் குறைவே. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் வளர்ந்த அத்தொகுப்பில் பதிப்பாசிரியர்கள் பார்த்த பின்னரே கட்டுரைகள் வெளியாவதால் தரம் சீராக இருக்கிறது. ஆனால் பதிப்பாசிரியர்களின் நேரத்துக்குப் பணம் தருபவர் ஒருவர் தொடர்ந்து இருந்தாக வேண்டும். மூன்று ஆண்டு நிதியுடன் தொடங்கும் குழு இதைத் தேர்ந்தெடுத்தால், நான்காம் ஆண்டைப் பற்றி முதல் கூட்டத்திலேயே பேசிவிடுவது நல்லது. (2016இல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' என்னும் ஆய்விதழ் பொதுவளமாகக் கருதப்படுவதில்லை, ஆனாலும் மதிப்பாய்வாளர்கள் மென்பொருளை நிறுவிப் பார்த்து எழுதும் குறிப்புகள் அனைவரும் காண நடப்பதால், அவற்றைப் படித்தே நிறையக் கற்கலாம்.)

மூன்று நான்கு பேர் மட்டுமே உள்ள குழுவுக்கு நான் பாடத்தையே பரிந்துரைப்பேன். அதையும் புதிதாக எழுத வேண்டாம். கார்பென்ட்ரீஸ் பாடங்களின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கிறது. தங்கள் நிறுவனத்தில் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினித் தொகுதியில் நுழைவது, அதில் ஓட வேண்டிய வேலையை வரிசையில் சேர்ப்பது ஆகிய பகுதிகளை மட்டும் சேர்த்துக்கொண்டால் முதல் வகுப்பை விரைவில் நடத்திவிடலாம். வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டு, பாடத்துக்குள் அடங்காத கேள்விகளைத் தனியே எழுதி வைக்க வேண்டும். கையேடு ஒன்று தேவைப்படும்போது அதன் முதல் இயல்கள் அந்தப் பட்டியலிலிருந்தே வரும்.