ஸ்லீப் ஸ்டடி: ஆஸ்பத்திரியிலா, வீட்டிலேயேவா?

ஊரையே எழுப்பும் குறட்டை, நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது என்று போய் நின்றால், டாக்டர் ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று ராத்திரி முழுக்கப் பார்க்கும் டெஸ்ட், எழுதிக்கொடுப்பார். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்குவதா, கருவியை வீட்டுக்கு வாங்கிப் போவதா என்பது அடுத்த கேள்வி. வீடு வசதி, செலவும் குறைவு என்று பலர் சட்டென்று முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே டெஸ்ட் இல்லை.

வீட்டுக் கருவியில் மூக்குக்கு ஒரு மெல்லிய குழாய், மார்புக்கு ஒரு பட்டை, விரலுக்கு ஆக்சிஜன் பார்க்கும் கிளிப், அவ்வளவுதான். மூச்சு எத்தனை முறை நின்றது, ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது என்று சொல்லிவிடும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை மூளை அலைகளைப் பதிவு செய்வதில்லை. அதனால் நீங்கள் தூங்கினீர்களா, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்களா என்று அதற்குத் தெரியாது.

இது சின்ன விஷயமில்லை. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதையும் குறைவதையும் எண்ணி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள். 5-லிருந்து 15-க்குள் இருந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. கருவி ஓடியது 8 மணி நேரம், நீங்கள் தூங்கியது 4 மணி நேரம், மூச்சுத் தடை 60 முறை என்று வையுங்கள். தூங்கிய நேரத்தால் வகுத்தால் 15. வீட்டுக் கருவி ஓடிய நேரத்தால் வகுக்கும், 7.5 என்று காட்டும். அதே ஆள், அதே ராத்திரி, நடுத்தர நோய் லேசானதாகிவிடுகிறது. சரியாகத் தூக்கம் வராதவர்கள் இதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒயர்கள் அதிகம். தலை, கண்ணோரம், தாடை, நெஞ்சு, கால் என்று ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், ஒயர் ஒட்டாது. நகப்பூச்சையும் எடுத்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம், பகல் தூக்கமும் வேண்டாம். படுத்ததும் டெக்னீஷியன் பக்கத்து அறையிலிருந்து, கண்ணை மூடுங்கள், இடது வலது பாருங்கள், பாதத்தை அசையுங்கள் என்று மைக்கில் சொல்வார். ஒயர்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கத்தான். பாத்ரூம் போக வேண்டுமென்றால் குரல் கொடுங்கள், மொத்த ஒயரையும் ஒரே இடத்தில் கழற்றிவிடுவார்கள்.

இத்தனையோடு எப்படித் தூங்குவது என்ற பயம் நியாயமானதுதான். புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் குறையும் என்பது அவர்களுக்கும் தெரியும். சில மணி நேரத் தூக்கம் கிடைத்தாலே பெரும்பாலும் போதும். விரலிலிருந்து கிளிப் கழன்றாலும் உடனே வந்து மாட்டிவிடுவார்கள். வீட்டில் அது கழன்றால், காலையில்தான் தெரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. முதல் சில மணி நேரத்திலேயே நோய் கடுமை என்று தெரிந்தால், சில இடங்களில் அன்றே சிபாப் மாஸ்க்கை, அதாவது மூச்சுப் பாதை அடைபடாமல் அழுத்தத்தோடு காற்றைத் தரும் மாஸ்க்கை, போட்டு, எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பார்த்துவிடுவார்கள்.

என் கணிப்பில், குறட்டையும் பகல் தூக்கமும் தெளிவாக இருந்து வேறு பெரிய வியாதி இல்லாதவருக்கு வீட்டு டெஸ்ட் தாராளமாகப் போதும். இதயம் பலவீனமானவர்கள், நுரையீரல் நோய் முற்றியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். தூக்கத்தில் நடப்பது, கை கால் வீசுவது, வலிப்பு சந்தேகம் இருந்தாலும் அப்படித்தான், அங்கே வீடியோவும் பதிவாகும்.

அப்புறம், வீட்டு டெஸ்டில் ஒன்றுமில்லை என்று வந்தும் தொந்தரவு தொடர்ந்தால், ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் படுத்து எடுக்கும் டெஸ்ட் வேண்டும் என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.