மகளின் முதல் வேட்டை ரைபிள்: ஐந்து சீசனுக்குப் பிறகு

மகளுக்கு 13 வயதில் வாங்கிய ரைபிள் இது. இந்த வருடம் அவளுக்கு 18. இடையில் ஐந்து வேட்டை சீசன், நானூறுக்குக் கொஞ்சம் மேல் தோட்டாக்கள், மூன்று மான், ஒரு காட்டுப்பன்றி, இரண்டு முறை புல்லுக்குள் தொலைந்த மேகசின் (தோட்டாக்களை அடுக்கி ரைபிளில் செருகும் பெட்டி). வாங்கிய சூட்டோடு எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அப்போது எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது கேலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா என்பது. இப்போது கேட்டால் அதற்கு நாலாவது இடம்தான் கொடுப்பேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வாங்குவதற்கு முன்னால், "ஒரு தடவை சுட்டுத்தான் பார்க்கட்டுமே" என்று என்னுடைய .30-06 ரைபிளை அவள் கையில் கொடுத்தேன். அதுவரை அவள் சுட்டதெல்லாம் சின்னத் தோட்டாவான .22 மட்டும், அதில் என்னைவிடக் கை நிதானம். என் ரைபிளின் ஸ்டாக், அதாவது தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை, அவளுக்கு ரொம்ப நீளம். கழுத்தை நீட்டி, முகத்தை முன்னால் தள்ளினால்தான் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்குள் முழு வட்டம் தெரிந்தது. வெடித்ததும் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் இடித்து லேசாகக் கீறிவிட்டது. அழவில்லை. "இன்னொண்ணு சுடட்டுமா?" என்றுகூடக் கேட்டாள். அடுத்த குண்டு இலக்கு அட்டையில் எங்குமே படவில்லை. அந்த ஒரு நாளில் அவள் உடம்பு கற்றுக்கொண்டதை மறக்கடிக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

கேலிபர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். என் பட்டியலில் .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், 7எம்எம்-08 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் என்று நான்கு இருந்தன. 1952-இல் வந்த .308-இன் தோட்டாக்கூட்டைக் கழுத்தில் குறுக்கித்தான் 1955-இல் .243 வந்தது, 1980-இல் 7எம்எம்-08 வந்தது. மூன்றும் பங்காளிகள். மூன்றரைக் கிலோ எடையுள்ள ரைபிளில், சுட்டதும் .243 தோளில் உதைப்பது சுமார் 9 அடி-பவுண்டு (ஆற்றலின் அளவு), 6.5 கிரீட்மோரும் 7எம்எம்-08-உம் 12-ஐ ஒட்டி வரும்; .308 சுமார் 16; .30-06-இல் கனமான குண்டு போட்டால் 20. மானுக்கு .243 போதும், உதையும் குறைவு. ஆனால் 100 கிரெயின் (சுமார் ஆறரை கிராம்) குண்டு, கொஞ்சம் இடம் தவறினாலும் ஈடுகட்டாது. புதிதாகச் சுடுகிறவருக்குக் கொஞ்சம் தாராளம் வேண்டும் என்று நினைத்தேன். சில இடங்களில் சட்டமே .243-ஐ அனுமதிக்காது. ஜெர்மனியில் ரோ என்ற சின்ன மானைத் தவிர மற்ற மான்களுக்கும் காட்டுப்பன்றிக்கும் குண்டு 6.5 மி.மீ.க்குக் குறையக்கூடாது, 100 மீட்டரில் 2000 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். அதனால் வாங்கும் முன் அந்தந்த இடத்து விதியைப் பார்த்துவிடுவது நல்லது. வயது வரம்பையும் சேர்த்துத்தான்.

நான் எடுத்தது 7எம்எம்-08, 140 கிரெயின் குண்டு. 6.5 எடுத்திருந்தாலும் மகளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. தோட்டா தேடி அலையும் எனக்குத் தெரிந்திருக்கும். தோட்டாத் தட்டுப்பாடு வந்த வருடம் .308 அவ்வப்போதாவது கண்ணில் பட்டது. எங்களுடையது மாதக்கணக்கில் கிடைக்கவே இல்லை. கடைசியில் மூன்று பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு சீசனை ஓட்டினோம். இன்று மறுபடி வாங்குவதாக இருந்தால் முதலில் கடை அலமாரியில் என்ன தோட்டா இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

அளவுதான் முதல் இடம். ட்ரிகரிலிருந்து ஸ்டாக்கின் பின்முனை வரையுள்ள நீளம், பெரியவர்களுக்கான ரைபிளில் வழக்கமாக 13.5 அங்குலத்துக்கு மேல் இருக்கும். ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட் என்ற சின்ன அளவு ரைபிளின் பழைய மாடலில் அது 12.5. எங்கள் ரைபிளில் 12 அங்குலத்தில் ஆரம்பித்து, பின்னால் அரை அங்குலத் துண்டு இரண்டைச் சேர்த்து 13 வரை நீட்டலாம். இந்தப் பிளாஸ்டிக் துண்டுகளுக்காகத்தான் இதை வாங்கினேன், ஐந்து வருடமும் அதற்காகச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஸ்டாக்கை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் ட்ரிகரை எட்டுகிறதா என்று பார்ப்பார்களே, அதை மட்டும் நம்ப வேண்டாம். வேட்டைக்குப் போடும் தடித்த கோட்டோடு, கண்ணை மூடியபடி ரைபிளைத் தோளுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்ததும் தலையை அசைக்காமல் ஸ்கோப்புக்குள் முழு வட்டம் தெரிந்தால் அளவு சரி. மகள் 14 வயதில் ஒரு துண்டு சேர்த்தாள், 16-இல் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் ஸ்கோப்பையும் கொஞ்சம் நகர்த்திப் பொருத்தி, 100 கஜத்தில் மறுபடி குறி சரிபார்த்தோம்.

அடுத்தது எடை. சின்னப் பிள்ளைதானே என்று ஆகக் குறைந்த எடையில் தேடுவார்கள். நானும் தேடினேன். அதே தோட்டாவுக்கு ரைபிளின் எடை பாதியானால் உதையின் ஆற்றல் இரட்டிப்பாகும், அதில் தப்பிக்க வழியில்லை. எங்களுடையது வெறுமனே 3 கிலோ. ஸ்கோப், வார், தோட்டா எல்லாம் சேர்த்து மூன்றரை. முதல் இரண்டு சீசன் ஏற்றத்தில் நான்தான் சுமந்தேன். அவள் சுடும் நேரம் மொத்தமே சில நொடி. அந்த நொடிகளில் எடை அவள் பக்கம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது சத்தம். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. புது ரைபிளில் உதை குறைவு, அளவு சரி, ஆனாலும் முதல் மாதங்களில் குண்டுகள் குறிக்குக் கீழே கீழே பட்டன. பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது: உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவில் வெடிக்காத டம்மி ஒன்றைச் சொல்லாமல் கலந்து வைப்பது. வைத்தேன். மூன்றாவதாக ட்ரிகரை இழுத்தபோது 'டிக்' என்று மட்டும் கேட்டது, குழல் முனை இரண்டு விரற்கடை கீழே குனிந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தோள் வலிக்கிறதா என்று கேட்டேன். "தோள்ல ஒண்ணுமில்லப்பா. சத்தம் வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் கண்ணு தானா மூடிக்குது" என்றாள். நான் இரண்டு மாதமாகத் தோளுக்கு மெத்தை தேடிக்கொண்டிருந்தேன்.

வெடிச் சத்தம் 140 டெசிபெல்லைத் தாண்டினாலே காதுக்குக் கேடு. இந்த மாதிரி ரைபிள்கள் 160-ஐத் தொடும். குழல் 20 அங்குலம்தான் என்பதால் முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்திலேயே வெடிக்கிறது. நாங்கள் சுட்ட மேடைக்கு மேலே தகரக்கூரை வேறு. அன்றிலிருந்து காதுக்குள் நுரை அடைப்பான், அதற்கு மேல் காதை மூடும் மூடி, இரண்டும். கூரையில்லாத மேடைக்கு மாறினோம். நாலு வாரத்தில் குண்டுகள் ஒரு கைப்பிடிக்குள் வந்துவிட்டன. நடுவில் உதையைக் குறைக்கிறேன் என்று மசில் பிரேக் (வெடிவாயுவைத் திருப்பிவிட குழல் முனையில் மாட்டும் துண்டு) ஒன்றை மாட்டிப் பார்த்தேன். உதை குறைந்தது உண்மை. சத்தம் பின்பக்கமாகத் திரும்பி, பக்கத்தில் நின்ற எனக்கே பல் கூசியது. அன்றே கழற்றிவிட்டேன். சத்தமடக்கி சட்டப்படி கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள் முதல் செலவை அதற்குச் செய்யலாம். காட்டில் எலக்ட்ரானிக் மூடி போதும். நான் கிசுகிசுப்பதும் அவளுக்குக் கேட்கும்.

குறைகளும் உண்டு. பிளாஸ்டிக் ஸ்டாக்கின் முன்பகுதி வளைகிறது. மணல் மூட்டையில் வைத்துச் சுட்டால் 100 கஜத்தில் மூன்று குண்டும் ஒன்றேகால் அங்குலத்துக்குள். வாரைக் கையில் இறுக்கிச் சுற்றிச் சுட்டால் அதே குறி இரண்டு அங்குலம் தள்ளிப் போகும். ஸ்டாக் குழலைத் தொட்டுவிடுவதுதான் காரணம். உப்புத்தாளைச் சுற்றிய குச்சியால் ஒரு மாலை முழுக்கத் தேய்த்து இடைவெளி விட்டேன், சரியாகிவிட்டது. மேகசினின் பிடி புதர் உரசினாலே விட்டுவிடும். இதற்கு நான் தீர்வு கண்டுபிடிக்கவில்லை. சுடாமல் தடுக்கும் பூட்டான சேஃப்டியைப் போட்டபடியே, தோட்டா அறையை மூடும் போல்ட்டைத் திறந்து அறையைக் காலி செய்ய முடிவது பிள்ளைகளுக்கு ரொம்ப நல்லது. ஆனால் அதே காரணத்தால் நடக்கும்போது போல்ட் கைப்பிடி எதிலாவது மாட்டி மேலே தூக்கிக்கொள்ளும். ஸ்கோப் 2-7 மடங்கு, அவள் 4-க்கு மேல் திருப்பியதை நான் பார்த்ததே இல்லை. ட்ரிகர் இறுக்கம் நான் தொடவேண்டிய அளவுக்கு இல்லை.

நானூறு தோட்டா என்று சொன்னேனே, .22-இல் அவள் சுட்டது அதைப்போல் பத்து மடங்கு இருக்கும். பெரிய ரைபிளில் ஒரு அமர்வுக்குப் பன்னிரண்டுதான், அதிலும் கடைசி இரண்டு டம்மி. ரைபிள் என் பெட்டகத்தில், சாவி என்னிடம். 18 ஆகும்வரை அதில் பேச்சே இல்லை.

இரண்டாவது சீசனில் 80 கஜத்தில் கொம்புள்ள ஆண் மான் ஒன்று வந்து நின்றது. பக்கவாட்டில் இல்லை, முக்கால்வாசி முகம் எங்கள் பக்கம். ரைபிள் முட்டுக்கோலில் தயாராக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல் ட்ரிகருக்கு வெளியே, ஸ்டாக்கின் ஓரமாக நீட்டியபடி. ஒரு நிமிடம் இருக்கும். அது திரும்பவில்லை, அப்படியே பின்வாங்கிப் போய்விட்டது. சேஃப்டியைப் போடும் சின்னச் சத்தம் கேட்டது. "பக்கவாட்டுல திரும்பவே இல்லப்பா" என்றாள். முதல் மான் அதற்கடுத்த வாரம்தான் கிடைத்தது. 70 கஜம், ஒரே குண்டு, முப்பது அடி ஓடி விழுந்தது.

இப்போது அவள் தம்பிக்கு 12. துண்டு இரண்டையும் கழற்றி அவனுக்கு அளவு பார்க்கலாம் என்று போன வாரம் உட்கார்ந்தேன். நீளமான ஸ்க்ரூ இரண்டும் கழன்று வந்துவிட்டன. துண்டில்லாமல் பூட்டுவதற்கான குட்டை ஸ்க்ரூ இரண்டையும் ஐந்து வருடத்துக்கு முன் எங்கே வைத்தேன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மகளைக் கேட்டால், "தேடாதீங்க, அவனுக்கு வேற வாங்குங்க" என்கிறாள்.