கல்லு எடைய கழிச்ச நகைக்கடை அண்ணன்

மக கம்மலுக்காக மதுர தெற்காவணி மூல வீதியில ஒரு சின்ன கடைக்கு போனோம், கல்லு வச்ச கம்மல், எடை போட்டா 4 கிராம் 200 மில்லி, அண்ணன் நாங்க கேக்காமலே கல்லு எடை 350 மில்லிய கழிச்சுட்டு தங்கத்துக்கு மட்டும் ரேட் போட்டாரு. முன்ன வேற கடையில கல்லையும் தங்க விலைக்கே வாங்கிட்டு வந்த ஏமாளி நானு. 916 முத்திரையயும் நகைக்கு நகை தனியா இருக்குற, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க ஹெச்யுஐடி நம்பரயும் லென்ஸ்ல காட்டி, பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டு பாத்துக்கங்கம்மான்னாரு. நான்தான் ஆசப்பட்டு, பில் வேணாம்ணே, 3 சதவீத ஜிஎஸ்டியாச்சும் மிச்சமாகட்டும்னேன். "பில் இல்லாமன்னா இந்த யாவாரமே வேணாம்மா"ன்னு டப்பாவ மூடப் போயிட்டாரு, எனக்கு வெக்கமா போச்சு. செய்கூலி கொஞ்சம் கூடத்தான். வண்டி நிறுத்த மட்டும் சுத்தமா இடமில்ல, ஆட்டோல போங்க.