எம்பிஎல்எஸ்ஸா, எஸ்டி-வானா? ஜேசிபி யாரையும் கேட்பதில்லை

எங்கள் கம்பெனியின் கரூர் குடோனைக் கோயம்புத்தூர் தலைமையகத்தோடு இணைக்க இரண்டு லைன் போட்டிருந்தோம். ஒன்று எம்பிஎல்எஸ், அதாவது லைன் கம்பெனி தன் சொந்த வலை வழியே கிளைகளை இணைத்துத் தருவது. மற்றது வேறொரு கம்பெனியின் இணைய லைன். ஐப்பசி மழைக்கு முன்னால் சாக்கடை தோண்ட வந்த ஜேசிபி ஒரே அள்ளலில் இரண்டையும் பிடுங்கிப் போட்டது. போய்ப் பார்த்தால் ஒரே குழியில் இரண்டு ஆரஞ்சுக் குழாய்கள், ஒன்றோடொன்று உரசியபடி. இரண்டு கம்பெனிக்கும் கடைசி அரை கிலோமீட்டரை இழுத்துக் கொடுத்தவர் உள்ளூரில் ஒரே காண்ட்ராக்டர். ஃபைபர் ஒட்ட வந்த பையனும் ஒருவன்தான். குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஸ்ப்ளைசிங் மெஷினை மடியில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "முதல்ல எந்தக் கம்பெனிக்கு ஒட்டட்டுங்ணா?"

போனில் கோயம்புத்தூரிலிருந்து முதலாளி: "ரெண்டு லைனுக்கும் மாசாமாசம் காசு கட்டறமுல்ல தம்பி? ஒண்ணாச்சும் ஓடோணுமுல்ல?"

எம்பிஎல்எஸ் நல்லதா, கிடைத்த இணைய லைன்களை வைத்து ஒரு பெட்டியால் கிளைகளை இணைக்கும் எஸ்டி-வான் நல்லதா என்று கேட்டு உங்களிடமும் யாராவது கொட்டேஷன் கொடுத்திருப்பார்கள். இரண்டு தரப்பும் மேகம் போட்ட படம் காட்டும். குழியை யாரும் காட்ட மாட்டார்கள். அதனால்தான் குழியிலிருந்து தொடங்கினேன்.

எம்பிஎல்எஸ்ஸில் கிளைகளை இணைக்கும் பொறுப்பு முழுக்க லைன் கொடுக்கும் கம்பெனியுடையது. நம் பாக்கெட் (தரவு துண்டு துண்டாகத்தான் போகும், அதில் ஒரு துண்டு) அவர்கள் வாசலில் நுழைந்ததும் அதன் தலையில் 32 பிட் சீட்டு ஒன்றை ஒட்டுகிறார்கள். அதில் 20 பிட் லேபிள் எண். நடுவில் உள்ள ரவுட்டர்கள் ஐபி முகவரியைப் படிப்பதில்லை, எண்ணைப் பார்த்து அடுத்த கைக்குத் தள்ளிவிடுகின்றன. லாரி ஆபீசில் பண்டலின் மேல் மையால் எழுதுவார்களே, அதே கதை. மூட்டை தூக்குகிறவருக்கு முகவரி எதற்கு? சீட்டில் முன்னுரிமைக்கென்று 3 பிட் தனியாக உண்டு. போன் பேச்சு முன்னால் போகட்டும், கோப்பு காப்பி பின்னால் வரட்டும் என்று கம்பெனி தன் வலைக்குள் கடைசி வரை காப்பாற்றித் தர முடிவது இதனால்தான். 2001 ஜனவரியில் தரமாக வெளிவந்த தொழில்நுட்பம். இருபது வருடம் தாண்டியும் வங்கிகள் அதை விடாமல் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இதைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை பரவலாக உண்டு. எம்பிஎல்எஸ் 'தனி' லைன், ஆகவே பூட்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் பூட்டே கிடையாது. உங்கள் பாக்கெட்டையும் பக்கத்துக் கம்பெனி பாக்கெட்டையும் பிரிப்பது லேபிளும் தனித்தனி ரவுட்டிங் அட்டவணையும் மட்டுமே. மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) வேண்டுமென்றால் அதன் மேல் நீங்கள்தான் ஐபிசெக் என்ற பூட்டைப் போட வேண்டும்.

எஸ்டி-வான் நேர்மாறு. லைன் எதுவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை: லீஸ்டு லைன், வீட்டுக்கு வரும் ஃபைபர் பிராட்பேண்ட், 4ஜி சிம். கிளையில் வைக்கும் பெட்டி அத்தனையின் மேலும் ஐபிசெக் சுரங்கம், அதாவது பூட்டிய தனிப் பாதை, போடுகிறது. ஒவ்வொன்றிலும் பாக்கெட் இழப்பு, தாமதம், அந்தத் தாமதம் எவ்வளவு குதிக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கிறது. எந்த அப்ளிகேஷன் எந்த லைனில் போகலாம் என்ற விதி தலைமையகத்தில் ஒரே திரையில் எழுதப்பட்டு எல்லாக் கிளைக்கும் இறங்குகிறது.

இது அடித்துப் பேசுவது கிளவுட் விஷயத்தில்தான். எங்கள் எம்பிஎல்எஸ் போடப்பட்ட காலத்தில் எல்லாம் தலைமையக ராக்கில் இருந்தது: டேலி, மெயில் சர்வர், கோப்புகள். பிறகு மெயில் கிளவுடுக்குப் போனது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் சென்னை, புணே, மும்பையில் தரவு மையங்களைத் திறந்தது. அமேசான் 2016-ல் மும்பைக்கு வந்தது. எங்கள் ஓசூர் கிளையில் அவுட்லுக் திறந்தாலோ, அது 4 எம்பி எம்பிஎல்எஸ்ஸில் கோயம்புத்தூர் வந்து, இங்குள்ள இணைய லைனில் வரிசையில் நின்று, அப்புறம்தான் வெளியே போகும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதற்கு மாதவாடகை வேறு. அதே வேகத்துக்கு எம்பிஎல்எஸ் வாடகை பிராட்பேண்டைப் போல் பல மடங்கு என்பது பில் பார்த்தவர்களுக்குத் தெரியும். எஸ்டி-வான் வந்ததும் மெயிலும் வீடியோ மீட்டிங்கும் ஓசூரிலிருந்தே நேராக வெளியேறின. புகார் நின்றது.

இனி விற்பனைக்காரர் சொல்லாதவை. ஒரு லைன் கெட்டால் 'உடனே' அடுத்ததற்கு மாறும் என்பார்கள். சிஸ்கோ பெட்டியின் இயல்பு அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஒரு ஹலோ (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சின்னச் செய்தி) அனுப்பும், தொடர்ந்து ஏழு தவறினால் சுரங்கம் செத்தது என்று முடிவு கட்டும். சரி, ஏழு நொடி, ஏற்கலாம். ஆனால் எங்கள் ஊர் லைன்கள் சட்டென்று சாவதில்லை, இழுத்துக்கொண்டு கிடக்கும். மழை நேரத்தில் ஜாயிண்ட்டில் தண்ணீர் இறங்கி நூற்றுக்கு நாலு பாக்கெட் விழும், லைன் மட்டும் 'அப்' என்று பச்சை காட்டும். இந்தத் தரக்குறைவை வைத்து லைன் மாற்றும் கணக்கு இயல்பில் பத்துப் பத்து நிமிடத் தொகுப்புகளாக, ஆறு தொகுப்பின் சராசரியில் ஓடுகிறது. செத்த லைனை ஏழு நொடியில் கண்டுபிடிக்கும் பெட்டி, சாகக் கிடக்கும் லைனில் கணக்குப்பிள்ளையை வெகு நேரம் தவிக்க விடும். இந்த எண்களைக் கையால் குறைத்தால்தான் பெட்டிக்குக் கொடுத்த காசுக்கு அர்த்தம். ரொம்பக் குறைத்தால் லைன் மாறி மாறி அடிக்கும், அது வேறு தலைவலி.

இழந்த பாக்கெட்டை மீட்கும் வித்தையும் உண்டு. நாலு பாக்கெட்டுக்கு ஒன்று கூடுதலாக அனுப்புவார்கள், நாலில் ஒன்று விழுந்தால் மற்றதை வைத்து மறுமுனை அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளும். போன் பேச்சுக்கு அருமையான வசதி. ஆனால் கால் பங்கு போக்குவரத்து கூடுகிறது. சிம்மில் டேட்டா அளவு வைத்திருப்பவர்கள் இதை எல்லா அப்ளிகேஷனுக்கும் போட்டுவிட்டு மாதக் கடைசியில் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. எஸ்டி-வானுக்கு மாறிய வாரம் ஈரோட்டுக் கிளையில் ஈஆர்பி (பில், ஸ்டாக் எல்லாம் பார்க்கும் மென்பொருள்) திறக்கிறது, லாகின் ஆகிறது, சின்ன பில் அச்சாகிறது. ஸ்டாக் ரிப்போர்ட் மட்டும் அப்படியே தொங்குகிறது. பிங் (லைன் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் சின்னப் பாக்கெட்) போகிறது. லைன் கம்பெனி "எங்க சைடு க்ளியர் சார்" என்றது. பெட்டிக் கம்பெனி, லைனைப் பாருங்கள் என்றது. கடைசியில் விஷயம் இதுதான்: 1500 பைட் பாக்கெட்டின் மேல் ஐபிசெக் தன் உறையையும் போர்த்தியதும் அது லைனுக்குள் அடங்கவில்லை. சின்னது நுழைந்தது, பெரியது வழியில் விழுந்தது. ஒரு பாக்கெட்டில் எவ்வளவு தரவு ஏற்றலாம் என்ற டிசிபி எம்எஸ்எஸ் அளவை 1350-க்கு இறக்கினேன், ரிப்போர்ட் வந்தது. எம்பிஎல்எஸ் காலத்தில் இந்த வேலை எனக்கு வந்ததே இல்லை. ஒரு நம்பருக்கு போன், ஒரு டிக்கெட், அவ்வளவுதான். மலிவு லைனுக்கு மாறும்போது மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி இப்படி நம் ஆட்களின் நேரமாகச் செலவாகும். அதை யாரும் கொட்டேஷனில் எழுதுவதில்லை.

பெட்டியை விற்பவர் யார் என்பதும் நிலையாக இல்லை. எஸ்டி-வான் பெட்டி செய்த விப்டெலாவை 2017-ல் சிஸ்கோ 61 கோடி டாலருக்கு வாங்கியது. அதே வருடம் இன்னொரு எஸ்டி-வான் கம்பெனியான வெலோகிளவுடை விஎம்வேர் எடுத்தது. 2023-ல் விஎம்வேரையே பிராட்காம் வாங்கியது. 2025-ல் வெலோகிளவுட் அரிஸ்டாவின் கைக்குப் போனது. ஒரே பெட்டிக்கு ஆண்டுக்கொரு லெட்டர்ஹெட்டில் புதுப்பித்தல் கடிதம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 2023 மே மாதம் பழைய விப்டெலா பெட்டிகளுக்குள் இருந்த சான்றிதழ் காலாவதியானது. கட்டுப்பாட்டு மையத்தோடு அவற்றால் பேச முடியாமல் போனது, அவசரமாக மென்பொருள் மாற்ற வேண்டி வந்தது. லைனில் குறையே இல்லை. எல்லாக் கிளையையும் ஒரே திரையில் ஆளும் வசதிக்கு இது மறுபக்கம்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளையிலிருந்து நேராக இணையத்துக்கு வழி திறந்தால் ஒவ்வொரு கிளைக்கும் ஃபயர்வால் (உள்ளே வருவதையும் வெளியே போவதையும் வடிகட்டும் காவல்) வேண்டும். லாக்கை, அதாவது நடந்ததைப் பெட்டி எழுதி வைக்கும் பதிவை, 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு 2022-லிருந்து இருக்கிறது. பத்துக் கிளையின் லாக்கை எங்கே சேர்ப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அஞ்சு கிளைக்குள் இருப்பவர்களுக்கு இரண்டும் வேண்டாம் என்பேன். இருக்கும் ஃபயர்வாலில் சாதா ஐபிசெக் போதும். பிறகு வேண்டுமென்று தோன்றினாலும், ஃபோர்டிநெட் போன்றவற்றில் எஸ்டி-வான் தனி லைசென்ஸ் இல்லாமலே ஃபயர்வாலோடு வருகிறது. தலைமையகத்தில் மட்டும் நிலையான பொது ஐபி வாங்கிக்கொள்ளுங்கள். பிராட்பேண்டிலும் சிம்மிலும் பெரும்பாலும் பலருக்கும் பொதுவான பகிர்ந்த முகவரிதான் கிடைக்கும், வெளியிலிருந்து அதைக் கூப்பிட முடியாது.

நாங்கள் கோயம்புத்தூர்–சென்னை இடையே மட்டும் எம்பிஎல்எஸ்ஸை வைத்துக்கொண்டோம், அதில் கஸ்டமர் கேர் போன்கள் ஓடுகின்றன. மற்றக் கிளைகளெல்லாம் எஸ்டி-வான். இப்போது லைன் கேட்கும்போது வேகத்துக்கு முன்னால் கேபிள் வரும் வழியின் மேப்பைக் கேட்கிறேன். கொடுக்க மறுத்தால் நடந்தே போய்ப் பார்க்கிறேன்.

கரூருக்கு மூன்றாவது கம்பெனி ஒன்றைக் கூப்பிட்டோம். புது ஃபைபர், புது வழி என்றார்கள். சர்வேக்கு பைக்கில் வந்து இறங்கியவனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே ஸ்ப்ளைசிங் பையன். "அதே பைப்புலதாங்ணா இழுக்கோணும், வேற வழியில்ல" என்றான், அவனுக்கும் சிரிப்பு. மொட்டை மாடியில் கேபிள் இல்லாமல் ரேடியோ அலையில் இணைக்கும் ஆர்எஃப் டிஷ் மாட்டினோம், துணைக்கு ஒரு 5ஜி சிம். டிஷ் பார்ப்பது ஆற்றுக்கு அந்தப் பக்க டவரை. சாக்கடை வேலை இந்தப் பக்கம்தான் நடக்கிறது.