நீர் மாத்திரையுடன் சில ஆண்டுகள்: பாலக்கோட்டிலிருந்து ஓர் அனுபவம்

இதயம் பலவீனமானதிலிருந்து ஃப்யூரோசமைடு சாப்பிட்டு வருகிறேன். எங்கள் பக்கம் நீர் மாத்திரை என்பார்கள். கால் வீக்கம் வடிந்தது, மூச்சிரைக்காமல் மல்லாந்து படுக்க முடிகிறது. இந்த மாத்திரையை நான் உயர்வாகப் பேச அது ஒன்றே போதும்.

சிறுநீரகம் வடிகட்டும் உப்பில் ஏறத்தாழ கால் பங்கை ஹென்லே வளைவு என்ற பகுதி மீண்டும் ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும். மாத்திரை அதைத் தடுக்கிறது. வெளியேறும் உப்போடு நீரும் போகிறது, பொட்டாசியமும் போய்விடுகிறது. கெண்டைக்கால் சதை பிடித்து இழுத்தாலோ நெஞ்சு படபடத்தாலோ ரத்தப் பரிசோதனை தேவை. தொந்தரவே இல்லாவிட்டாலும் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்த்துவிடுவேன்.

சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி, ஆறு மணி நேரம் போல நீடிக்கும். அதனால் காலையில்தான் சாப்பிடுகிறேன். தர்மபுரிக்குப் பஸ் ஏறும் நாளில் மட்டும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டபடி, வீடு திரும்பிய பிறகு மதியம். வழியில் கழிப்பறை இருக்காது என்று பயந்து பெண்கள் பலர் அன்றைக்கு மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டாலே வழி கிடைக்கும்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பார்க்கிறேன். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். உடனே டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் தட்டில் இருக்கும்வரை மாத்திரையால் முழுதாக ஈடுகொடுக்க முடியாது. களிக்கு இப்போது உப்புக் குறைத்த கீரைக் கடைசல்தான்.

முக்கியமான எச்சரிக்கை வலி மாத்திரை பற்றியது. தக்காளித் தோட்டத்தில் குனிந்து நிமிர்பவர்களுக்கு மூட்டுவலி சகஜம்; மருந்துக்கடையில் கேட்டதும் டைக்ளோஃபெனாக் கிடைத்துவிடும். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் போன்றவையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரகமே பழுதாகலாம்.

ஸ்பைரோனோலாக்டோன் என்ற இன்னொரு நீர் மாத்திரை இந்த விஷயத்தில் ஃப்யூரோசமைடுக்கு நேர்மாறு, பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைக்கும். அதைச் சாப்பிடுபவர்கள் இளநீரையும் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், எந்த நீர் மாத்திரையானாலும், அன்றைய வேளையைச் சாப்பிடலாமா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.